உறுதி முடிக்கும் முன் வீட்டையும் வளவையும் கடைசியாகப் பார்வையிடுதல்: முதன்முறை வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் முதன்முறையாக வீடு வாங்குபவர்கள் விலை பேசும் காலத்தில் வீட்டை இரண்டு மூன்று தடவை ஆறுதலாகப் பார்க்கிறார்கள். அச்சாரம் கொடுத்த பின்னர் தோம்பு எனப்படும் காணிப் பதிவேடு பார்ப்பதிலும், காணி விற்பனைப் பத்திரமான உறுதியை எழுதும் நொத்தாரிசிடம் போய் வருவதிலும் வங்கிக் கடனுக்கு அலைவதிலும் மாதக்கணக்கில் காலம் கழிந்து, உறுதி முடிக்கும் நாளன்று வீட்டுப் பக்கமே போகாமல் நேரே கையெழுத்திடச் சென்று விடுகிறார்கள். அந்த இடைக்காலத்தில் வேலி நகர்ந்திருக்கலாம். வளவில் நின்ற பனைகள் தறிக்கப்பட்டிருக்கலாம். மாரி மழைக்கு ஒரு பக்கக் கூரை ஒழுகத் தொடங்கியிருக்கலாம். வெறுமையாகக் கிடந்த பின்னறையில் யாரேனும் குடிவந்திருக்கலாம். ஆகவே கடைசிப் பார்வையிடலை ஒரு தனிக் கருமமாக எடுத்து, அதற்கென அரை நாளையாவது ஒதுக்க வேண்டும்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இலங்கையில் காணி விற்பனைக்கு உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படையாக உள்ளது. அதன்படி, வீட்டில் மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் குறைக்கு விற்பவரைப் பொறுப்பாக்க இடமிருந்தாலும், பார்த்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடிய குறையைக் காட்டி வாங்கியவர் பின்னர் முறையிடுவது மிகக் கடினம். அத்துடன் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி, காணியை விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் முன்னிலையாக இருக்க எழுதிக் கையெழுத்திடப்பட்டால்தான் வலுவுடையது. "கூரையை நான் திருத்தித் தருவேன்", "மோட்டரை விட்டுவிட்டுத்தான் போவேன்" என்று முற்றத்தில் நின்று சொல்லப்படும் வார்த்தைகள், சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எழுத்தில் ஏறும்வரை வெறும் வார்த்தைகளே.

எப்போது போவது, எவற்றைக் கொண்டு போவது

உறுதி முடிக்கும் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் முன்னதாக, காலை வெளிச்சத்தில் போவதே நல்லது. கையெழுத்திடும் அன்று காலையில் போகலாம் என்று ஒதுக்கி வைக்க வேண்டாம். நம் ஊரில் பெரும்பாலானோர் நல்ல நேரம் பார்த்தே உறுதி முடிக்கிறார்கள். சுபநேரம் நெருங்கும்போது வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள், அந்த அவசரத்தில் கண்ணுக்குப் பட்ட குறையைக்கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்குவீர்கள். ஒரு நாள் இடைவெளி இருந்தால் நொத்தாரிசுடன் பேசவும் வரைவைத் திருத்தவும் அவகாசம் கிடைக்கும்.

உறுதியின் வரைவு, நில அளவையாளரின் வரைபடம், 100 அடி அளவு நாடா, கைவிளக்கு, கைத்தொலைபேசி ஆகியவை கையில் இருக்க வேண்டும். விலை பேசிய காலத்தில் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் தொலைபேசியில் ஆயத்தமாக வைத்திருங்கள். அன்றிருந்த நிலைக்கும் இன்றிருக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை நினைவைவிடப் படம் தெளிவாகக் காட்டும். அனுபவமுள்ள மேசன் ஒருவரை, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, உடன் அழைத்துச் செல்வது வீண் செலவாகாது. தரகர் வருவதில் தவறில்லை, ஆனால் உங்களுக்காகப் பார்ப்பவர் அவரல்லர். வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் நம்பிக்கையான உறவினர் ஒருவரை அனுப்பி, நேரலை அழைப்பில் மூலை மூலையாகக் காட்டச் சொல்லலாம். முன்னரே எடுத்து அனுப்பிய காணொளியை மட்டும் நம்பக் கூடாது.

எல்லையும் வழியும்

முதலில் வீட்டுக்குள் போகாதீர்கள். வளவைச் சுற்றி நடந்து வாருங்கள். வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு மூலையிலும் எல்லைக்கல் இருக்கிறதா என்று தேடுங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளில் எல்லை என்பது பெரும்பாலும் கதியால் வேலிதான். பூவரசும் கிளுவையும் நட்ட வேலி ஒவ்வொரு முறை அடைக்கப்படும்போதும் ஒரு சாண், அரைச் சாண் என்று ஏதாவது ஒரு பக்கம் சாய்கிறது. முப்பது நாற்பது ஆண்டுகளில் அது சில அடிகளாகிவிடும். விற்பவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் அயலவர் மதில் கட்டியிருந்தால், அந்த மதிலின் அத்திவாரம் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதை நாடா பிடித்துப் பார்க்க வேண்டும். நான்கு பக்க நீளங்களையும் அளந்து வரைபடத்தில் உள்ள அளவுகளுடன் ஒப்பிடுங்கள். சில அங்குல வேறுபாடு இயல்பு. அடிக் கணக்கில் குறைந்தால் கையெழுத்திடும் முன் நில அளவையாளரை மீண்டும் வரவழைத்து எல்லை காட்டச் சொல்லுங்கள்.

பரப்பளவைச் சரிபார்க்கும்போது உறுதியில் உள்ள அளவு முறையைக் கவனியுங்கள். நம் உறுதிகளில் பரப்பு அல்லது லாச்சம், குளி என்ற கணக்கே வழக்கம். மேட்டு நிலத்துக்கான வரகுக் கல்ச்சர் கணக்கில் ஒரு பரப்புக்கு 18 குளி, அதாவது 10 பேர்ச்சஸ், ஏறத்தாழ 2,722 சதுர அடி. 16 பரப்பு ஓர் ஏக்கர். வயலுக்கான நெற் கல்ச்சர் கணக்கில் லாச்சத்துக்கு 12 குளி மட்டுமே, 24 லாச்சம் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். பழைய வயற்காணி குடியிருப்பு நிலமாக மாறிய இடங்களில் இந்த வேறுபாட்டை அறியாமல், மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு வீணாக விலை கொடுக்க நேரலாம்.

அடுத்தது ஒழுங்கை. வீட்டுக்கு வரும் ஒழுங்கை உள்ளூராட்சிச் சபைக்கு உரியதா, அல்லது பலருக்கு உரித்தான பங்கு ஒழுங்கையா என்பது உறுதியில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக யாரும் தடுக்கவில்லை என்பது விற்பவருக்குப் போதுமான விடையாக இருக்கலாம். உங்களுக்குப் போதாது, ஏனெனில் உறவினருக்குள் தடுக்காத வழியைப் புதிதாக வருபவருக்குத் தடுப்பவர்கள் உண்டு. ஒழுங்கையின் அகலத்தையும் அதன் மிக ஒடுங்கிய இடத்தில் அளந்து, வரைபடத்தில் காட்டிய அகலம் இன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளம் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தின் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுடன் வருவது. கோடையில் வீடு வாங்குபவர் வளவின் மாரிக் கோலத்தை அறியமாட்டார். மதிலின் அடியிலும் வெளிச்சுவரிலும் ஒரே மட்டத்தில் கிடையாக ஓடும் கறை இருந்தால் அது நின்ற வெள்ளத்தின் அடையாளம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் "போன மாரிக்கு இந்த முற்றத்திலே தண்ணி நிண்டதோ?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

கிணறு

யாழ்ப்பாணத்தில் வீட்டைவிடக் கிணற்றை அதிக நேரம் பார்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் பிளவுகளிலும் குழிகளிலும் தங்கும் மழைநீரையே நாம் அள்ளுகிறோம். சுவரைத் திருத்தலாம், கூரையை மாற்றலாம், கெட்ட கிணற்றை மாற்ற முடியாது.

முதலாவது, கிணறு யாருடையது? பங்குக் கிணறாக இருந்தால் உறுதியில் உங்கள் பங்கு எவ்வளவு, கிணற்றுக்குப் போய்வரும் உரிமையும் நீர் கொண்டு வரும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டுள்ளனவா என்று வரைவை வாசியுங்கள். வாசித்த பின் நடந்துபோய்ப் பாருங்கள். எழுத்தில் உரிமை இருந்தும், நடுவே மதில் எழும்பி வழி அடைபட்ட வளவுகள் உள்ளன. பங்காளர்கள் யார், யாருடைய மோட்டர் பூட்டியிருக்கிறது, அதற்கு மின்சாரம் எந்த வீட்டிலிருந்து வருகிறது, இறைப்பு முறை என்ன என்பதையெல்லாம் அவர்களிடமே நேரில் விசாரியுங்கள். நாளைக்கு உங்கள் அயலவர்களும் அவர்கள்தான்.

இரண்டாவது, நீர் மட்டம். கிணற்றுச் சுவரில் படிந்திருக்கும் கறைகள் மாரி மட்டத்தையும் கோடை மட்டத்தையும் காட்டும். தை மாசியில் கைக்கெட்டும் தூரத்தில் தளும்பும் கிணறு, ஆவணி புரட்டாதியில் சேற்றுடன் நிற்கலாம். மோட்டரைப் போட்டு அரை மணி நேரமாவது தொடர்ந்து இறைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு மிடறும் முடிவில் ஒரு மிடறும் சுவைத்துப் பாருங்கள். கடலை அண்டிய பகுதிகளிலும் தீவகத்திலும் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. கூடுதலாக இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலெழும். இறைக்க இறைக்கச் சுவை மாறும் கிணற்றை நம்பித் தோட்டம் செய்ய இயலாது.

மூன்றாவது, கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாதவை. கோப்பாய், உரும்பிராய், இணுவில் போன்ற தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளில் உரத்தின் நைத்திரேற்று கிணற்றில் இறங்குவது நன்கறியப்பட்ட சிக்கல். இலங்கையின் குடிநீர்த் தரம் நைத்திரேற்றுக்கு ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது, கொதிக்க வைப்பதாலும் நைத்திரேற்று நீங்காது. சுன்னாகத்தை அண்டிய இடங்களில் 2014, 2015 காலத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை எல்லோரும் அறிவர். அந்தப் பக்கம் வாங்குபவர்கள் எண்ணெய்க்கும் கிறீசுக்கும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். ஆய்வுகூட முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்பதால் நீர் மாதிரியை அச்சாரம் கொடுத்த காலத்திலேயே கொடுத்துவிட்டு, கடைசிப் பார்வையிடலுக்கு முடிவைக் கையில் கொண்டு போவதே ஒழுங்கு.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைப்பட்ட தூரத்தையும் அளந்து பாருங்கள். உங்கள் வளவிலுள்ள குழியை மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் அயலவரின் குழி எங்கிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுண்ணக்கல்லின் பிளவுகள் வழியே கழிவு விரைவாகவும் வெகு தூரமும் நகரும், அதற்கு வேலி எல்லை தெரியாது. குழாய்நீர் இணைப்பு இருக்கும் வீடாயின் மானி ஓடுகிறதா, நீர்ப் பட்டியல் நிலுவையின்றி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வீட்டின் வெளியும் உள்ளும்

கூரையை உச்சி வேளையில் உள்ளிருந்து அண்ணாந்து பாருங்கள். ஓடுகளுக்கிடையே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும் இடமெல்லாம் மாரியில் ஒழுகும் இடங்கள். பனை வளைகளும் சிலாகைகளும் உள்ள வீட்டில், அவை சுவரில் ஏறும் இடங்களில்தான் கறையான் முதலில் பிடிக்கும்; சுவர் வழியே மேலேறும் மண் கோடுகளைத் தேடுங்கள், எட்டிய இடங்களில் மரத்தைத் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனை கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரிக்கப்பட்ட மரம் பொத்தென்று ஒலிக்கும். தட்டுக் கூரை வீடுகளில், குறிப்பாகக் கடற்கரையை அண்டிய வீடுகளில், கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி, கீழ்ப்புறம் பூச்சு பெயர்ந்து விழுகிறதா என்று பாருங்கள். இது திருத்தச் செலவு மிகுந்த குறை.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் ஷெல் பட்ட சுவர்களும் கூரைகளும் பின்னர் பூசி மறைக்கப்பட்டிருக்கலாம். பூச்சின் நிறமும் வழவழப்பும் மாறும் இடங்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சாய்வாக ஓடும் விரிசல் உண்டா என்று கவனியுங்கள். ஆட்கள் ஒதுங்குவதற்காக வளவுகளில் பங்கர் வெட்டாத வீடுகள் அந்நாளில் அரிது; அவை பின்னர் குப்பையும் மண்ணும் போட்டு மூடப்பட்டன. அத்தகைய இடத்தின் மேல் கார்க் கொட்டகையோ நீர்த்தாங்கியோ எழுப்பினால் நிலம் இறங்கும். எங்கே வெட்டியிருந்தார்கள் என்று விற்பவரிடமும் அயலவரிடமும் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தூர்ந்த பழைய கிணற்றுக்கும் இதே விதி.

உள்ளே ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். எல்லா யன்னல்களையும் கதவுகளையும் திறந்து மூடுங்கள், எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள், மலசலகூடத்தில் இரண்டு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். குசினியில் புகைபோக்கி இருந்தால் அதைச் சுற்றியும் பாருங்கள். மின்சாரத்தில் ஒவ்வோர் ஆளியையும் போட்டுப் பார்ப்பதுடன், பிரதான பெட்டியிலுள்ள பாதுகாப்பு ஆளியின் (ட்ரிப் சுவிட்ச்) பரிசோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் மின்னியலாளர் ஒருவர் பார்க்கும்வரை அந்த இணைப்பை நம்ப வேண்டாம். மின்மானி வாசிப்பைப் படமெடுத்து வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

இதுவே மிகப் பெரிய வழக்குகளுக்கு வித்து. உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, தூரத்து உறவினரோ பார்த்துக்கொள்ள விட்டவரோ ஆண்டுக்கணக்கில் இருந்துவரும் வீடுகள் இங்கே ஏராளம். அற்றோணித் தத்துவம், அதாவது உரிமையாளர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், பெற்றவர் ஒருவர் வந்து கையெழுத்திட்டு விட்டுப் போவார். வீட்டில் இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றிப் பத்து ஆண்டுகள் காணியைத் தன் வசம் வைத்து ஆட்சி செய்தவர் அந்தக் காணியின் மேல் ஆட்சியுரிமை கோர வழியுண்டு. அந்தக் கோரிக்கை இறுதியில் தோற்றாலும், நீதிமன்றத்தில் அது நடக்கும் ஆண்டுகள் உங்களுடையவை. வாடகைக்கு இருப்பவரும், வீடு கைமாறியதால் மட்டும் எழும்ப வேண்டியவர் ஆகிவிட மாட்டார்.

ஆகவே "ஒரு கிழமையிலே எழும்பிவிடுவினம்" என்ற வாக்குறுதியை ஏற்று உறுதி முடிக்காதீர்கள். எல்லா அறைகளும், பின்பக்கக் கொட்டிலும் பூட்டிய களஞ்சிய அறையும் உட்பட, வெறுமையாக இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே கையெழுத்திடப் போங்கள். "அதின்ரை திறப்பு அண்ணையிட்டை" என்று சொல்லப்படும் அறையே முதலில் திறந்து பார்க்க வேண்டிய அறை. பின் வளவில் யாரேனும் மாடு கட்டுகிறார்களா, மரக்கறி செய்கிறார்களா, அயலவர் வேலியில் பொட்டு (இடைவெளி) வைத்து வழியாகப் பயன்படுத்துகிறார்களா என்பதையும் கேட்டுத் தெளியுங்கள்.

பக்கத்துப் பங்கில் இருக்கும் உடன்பிறந்தோரையும் சந்தியுங்கள். பிரிக்கப்படாத பங்கை வாங்குவதாயின், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி கூட்டுரிமையாளருக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவருக்கு முன்னர் தாமே வாங்கும் உரிமை, உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கக் கோருகிறது. அறிவித்தல் கிடைத்ததா என்று அவர்களின் வாயாலேயே கேட்பது, நொத்தாரிசின் கோவையில் பார்ப்பதைவிட மனத்துக்கு உறுதி.

வளவின் மூலையில் வேப்ப மரத்தடியில் வைரவர் சூலம் இருந்தால், அதற்கு ஆண்டுதோறும் பொங்கலிட வருபவர்கள் யார் என்று கேட்டறியுங்கள். பல குடும்பங்களுக்கு அது விற்பனையோடு முடியாத உறவு. அவர்கள் வந்து போவதை நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அதைப் பற்றி இப்போதே மரியாதையுடன் பேசித் தீர்ப்பது பின்னர் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

விட்டுச் செல்வதும் எடுத்துச் செல்வதும்

நிலத்தோடும் கட்டடத்தோடும் பொருந்தி நிற்பவை காணியோடு சேரும் என்பது பொது விதி. ஆனால் நீரிறைக்கும் மோட்டர், மேல் தாங்கி, மின்விசிறி, குளிரூட்டி, சூரியமின் தகடுகள், ஊஞ்சல், பழைய தேக்கங் கதவு ஆகியவற்றில்தான் பிணக்கு வருகிறது. இவற்றை ஒரு பட்டியலாக எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டு நொத்தாரிசிடம் கொடுங்கள். மரங்களையும் எண்ணுங்கள். வரைவில் பயன்தரு மரங்கள் என்று எழுதியிருக்க, இடைக்காலத்தில் பனைகள் வளைமரத்துக்கு விற்கப்பட்டிருந்தால் அடிக்கட்டைகள் காட்டிக்கொடுக்கும். பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிப்பது சட்டப்படியும் தவறு.

குறை தென்பட்டால்

சிறிய குறைகளுக்காக உறுதியை நிறுத்த வேண்டாம். உடைந்த பூட்டும் ஒழுகும் குழாயும் நீங்களே திருத்தக் கூடியவை. பெரிய குறை தென்பட்டால் அங்கேயே வாக்குவாதம் செய்யாமல் படம் எடுத்துக்கொண்டு அன்றே நொத்தாரிசிடம் செல்லுங்கள். விற்பனை உடன்படிக்கையில் தவணைத் திகதி இருந்தால், நீங்களாக வராமல் விடுவது அச்சாரத்தை இழக்கச் செய்யக் கூடும்; ஆகவே தள்ளிவைப்பதாயின் இரு தரப்பும் ஒப்பமிட்ட நொத்தாரிசு எழுத்து வேண்டும். திருத்தச் செலவை விலையில் கழிப்பது என் பார்வையில் மிகச் சுத்தமான வழி. விற்பவரே திருத்தித் தருவதை ஏற்றால் திருத்திய பின் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். ஆட்களால் வரும் சிக்கலுக்கும் எல்லைச் சிக்கலுக்கும் மட்டும் எந்த விலைக் கழிவையும் ஏற்காதீர்கள். அவை தீர்ந்த பின்னரே உறுதி.

கையெழுத்திடும் நாளில், காணிப் பதிவகத்தில் கடைசியாகப் பார்த்த பின்னர் புதிதாக ஈடோ (அடைமானமோ) வேறு பதிவோ ஏறவில்லை என்பதை நொத்தாரிசு உறுதிப்படுத்திய பிறகே பணத்தைக் கைமாற்றுங்கள். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணாயின் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமா என்பதையும் நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னுறுதிகள், வரைபடம், கட்டட அனுமதி, சோலைவரிப் (வீட்டுவரி) பற்றுச்சீட்டு, கடைசி மின்பட்டியல், எல்லாத் திறப்புகள் ஆகியவற்றை எண்ணி வாங்கிய பின், அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய்க் கேற்றுக்கும் முன்கதவுக்கும் புதிய பூட்டுகளைப் போடுங்கள். மின் இணைப்பையும் சோலைவரியையும் உங்கள் பெயருக்கு மாற்றும் விண்ணப்பங்களை, உறுதி பதிவாகி வந்தவுடன் அதன் பிரதியுடன் கொடுங்கள்.